சிறு அரிசி ஆலை போடப்போகிறீர்களா? நெல், உமி, கரண்ட், கூலி: எதில் எவ்வளவு காசு போடுவது

கிளிநொச்சிப் பக்கம் சின்னதாக ஒரு புழுங்கல் அரிசி ஆலை நடத்துகிறேன். நாளுக்கு இரண்டு தொன் நெல் அவித்துக் குற்றுகிற அளவு. முதல் வருடம் விடிய நாலு மணிக்கே எழும்பி உழைத்தும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. நெல்லும் கிடைத்தது, அரிசியும் விற்றது. எதை எவ்வளவு வாங்குவது, எந்த வேலையை ஆளைக்கொண்டு செய்விப்பது, எதற்கு மெசின் போடுவது என்ற கணக்கு தெரியாமல்தான் காசைக் கொட்டினேன். இப்போது மாங்குளம், துணுக்காய், விசுவமடு என்று பல இடங்களிலிருந்தும் இளம் ஆட்கள் ஆலை போட யோசனை கேட்டு வருகிறார்கள். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "எந்த மெசின் நல்லது?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியவை பல இருக்கின்றன. அவற்றை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

கீழே வருகிற விலைகள் பெரும்பாலும் கணக்குப் பழகுவதற்காக நான் எடுத்தவை. உங்கள் ஊரில் இன்றைக்கு என்ன விலையோ அதைப் போட்டுப் பாருங்கள். விலை மாறினாலும் கணக்குப் போடும் முறை இதுதான்.

1. எல்லாவற்றையும் கிலோ அரிசிக்கு மாற்றுங்கள்

நெல்லை மூடையில் வாங்குகிறோம், கரண்டை மாதத்தில் கட்டுகிறோம், கூலியை நாளில் கொடுக்கிறோம், லீசிங்கைத் தவணையில் கட்டுகிறோம். அளவுகள் வேறு வேறாக இருப்பதால் எது கூட, எது குறைய என்று கண்ணுக்குத் தெரியாது. முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். 30 நாளைக்கு இவற்றை எழுதுங்கள்: எத்தனை கிலோ நெல் போனது, எத்தனை கிலோ முழு அரிசி வந்தது, குறுணல் (உடைந்த அரிசி) எவ்வளவு, தவிடு எவ்வளவு, மீற்றரில் எத்தனை யுனிட் ஓடியது, எத்தனை பேர் எத்தனை மணித்தியாலம் நின்றார்கள். மாத முடிவில் ஒவ்வொரு செலவையும் வந்த அரிசிக் கிலோவால் பிரியுங்கள். குறுணலும் தவிடும் விற்ற காசைக் கழித்துவிடுங்கள்.

ஆலை இன்னும் தொடங்கவில்லை என்றால், தெரிந்த ஆலை ஒன்றில் பத்து நாள் நின்று எழுதுங்கள். கூலி வாங்காமல் நின்றாலும் அந்தப் பத்து நாள் உங்களுக்கு லாபம்.

இங்கே எல்லோரும் விடுகிற பிழை இரண்டு. ஒன்று, மூடையைக் கணக்கில் வைப்பது. இடத்துக்கு இடம், சாக்குக்குச் சாக்கு மூடையின் நிறை மாறும். புசல் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நெல் ஒரு புசல் ஏறக்குறைய 21 கிலோ. எதுவானாலும் தராசில் வைத்துக் கிலோவாக எழுதுங்கள். மற்றது, சொந்த வயல் நெல்லையும் வீட்டு ஆட்களின் உழைப்பையும் சும்மா வந்ததாக நினைப்பது. உங்கள் நெல்லை வெளியில் விற்றிருந்தால் என்ன விலை கிடைத்திருக்குமோ அந்த விலைதான் ஆலைக்கு அதன் செலவு. உங்கள் மகன் ஆலையில் நிற்காமல் வேறு வேலைக்குப் போனால் என்ன உழைப்பானோ அதுதான் அவனுடைய கூலி. இதை எழுதாமல் விட்டால், நட்டத்தில் ஓடும் ஆலை வருடக்கணக்காக லாபத்தில் ஓடுகிறமாதிரியே தெரியும்.

2. நெல்லில் தொடங்குங்கள், அங்கேயே அதிக நேரம் நில்லுங்கள்

ஒரு கிலோ அரிசியின் செலவில் மிகப் பெரிய பங்கு நெல்தான். மற்ற எல்லாம் சேர்ந்தாலும் அதற்குக் கிட்ட வராது. ஆனால் புதிதாக வருகிற ஆட்கள் கரண்ட் பில்லைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார்கள். நானும் அப்படித்தான் திரிந்தேன்.

ஈரம்: வெட்டு மெசினிலிருந்து நேரே வருகிற நெல்லில் ஈரம் 20 வீதம்கூட இருக்கும். சேமிக்கிற நெல்லுக்கு 14 வீதம் வேண்டும். 1,000 கிலோ நெல் 20 வீத ஈரத்தோடு வந்தால், அதில் காய்ந்த பொருள் 800 கிலோ. அதை 14 வீதத்துக்குக் காயவைத்தால் நிற்பது 930 கிலோ. 70 கிலோ தண்ணீருக்கு நீங்கள் நெல் விலை கொடுத்திருக்கிறீர்கள்.

இப்போது விலையைப் பாருங்கள். காய்ந்த நெல் கிலோ 120 ரூபா, ஈர நெல் 110 ரூபா என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். பத்து ரூபா மலிவு என்று ஈர நெல்லுக்குத்தான் மனம் ஓடும். 14 வீதக் கணக்குக்கு மாற்றினால் ஈர நெல்லின் விலை 118 ரூபா 25 சதம். காயவைக்கும் செலவு கிலோவுக்கு இரண்டு ரூபா என்று சேர்த்தால் 120 ரூபா 25 சதம். மலிவு எங்கே?

ஆனால் புழுங்கல் ஆலைக்காரருக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது. நீங்கள் எப்படியும் நெல்லை ஊறவைக்கத்தான் போகிறீர்கள். வயலிலிருந்து வந்த நெல்லை அன்றைக்கோ அடுத்த நாளோ தொட்டியில் போட முடிந்தால் முதலில் காயவைக்கும் செலவு இல்லை. 118 ரூபா 25 சதத்தோடு கணக்கு முடிகிறது. தொட்டியில் இடம் இருக்கிற அளவுக்கு ஈர நெல்லை வாங்குங்கள், அதற்கு மேல் வேண்டியதைக் காய்ந்த நெல்லாக வாங்குங்கள். ஈர நெல்லைச் சாக்கில் கட்டி அடுக்கி வைத்தால் உள்ளே சூடேறி அரிசி மஞ்சளாகும். அப்படி ஒருமுறை முப்பது மூடை போனதை இன்றைக்கும் மறக்கவில்லை.

ஈரப்பதம் பார்க்கும் சின்ன மீற்றர் ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள். கையில் தேய்த்து, பல்லில் கடித்துப் பார்ப்பது அனுபவசாலிக்குச் சரி. பத்துத் தொன் வாங்கும்போது ஒரு வீதம் பிழைத்தாலே நூறு கிலோவுக்கு மேல் தண்ணீர் வாங்கியிருப்பீர்கள். அரசு கொள்முதல் விலை அறிவிக்கும்போதும் அது 14 வீத ஈரத்துக்கான விலைதான். 2025 பெப்ரவரியில் கிலோவுக்கு நாடு நெல் 120, சம்பா நெல் 125, கீரிச் சம்பா நெல் 132 ரூபா என்று அறிவித்தார்கள். அந்த விலையை ஈர நெல்லோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழிவு என்று சொல்லி மூடைக்கு ஒன்றிரண்டு கிலோ கழிக்கிற வழக்கம் எங்கள் பக்கமும் இருக்கிறது. அதைச் செலவுக் குறைப்பு என்று நினைக்காதீர்கள். ஈரமும் பதரும் எவ்வளவு என்று விவசாயியின் கண்முன்னால் அளந்து, அதற்கேற்ற விலையைக் கொடுங்கள். அடுத்த போகத்தில் நல்ல நெல்லை முதலில் உங்களிடம்தான் கொண்டுவருவார்.

சேமித்து வைப்பதா? மாசி, பங்குனியில் காலபோக நெல் குவியும்போது விலை விழும், ஐப்பசியில் ஏறும், ஆகவே நகையை அடைவு வைத்தாவது வாங்கி அடுக்கு என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போடுங்கள். 120 ரூபா நெல்லுக்கு வருட வட்டி 14 வீதம் என்றால் எட்டு மாதத்துக்கு 11 ரூபா 20 சதம். எலி, வண்டு, உலர்வு என்று 3 வீதம் போனால் 3 ரூபா 60 சதம். சாக்கு, கொட்டில், ஏற்றி இறக்கும் கூலி 2 ரூபா. மொத்தம் 136 ரூபா 80 சதம். ஐப்பசியில் நெல் இதற்கு மேல் போகும் என்ற நம்பிக்கை இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னர் சிறுபோக நெல் வரும்போது வாங்குவது நல்லது.

3. மெசினைத் தெரிவுசெய்யும்போது நெல்லையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்

நெல் குற்றும் பழைய இரும்பு உருளை மெசின், அதாவது ஹலர், மலிவு. ரப்பர் றோலர் மெசின் விலை கூட, றோலரும் தேய்ந்து தேய்ந்து மாற்ற வேண்டிவரும். மெசின் விலையை மட்டும் பார்த்தால் ஹலர்தான். 100 கிலோ நெல்லுக்கு எவ்வளவு அரிசி வருகிறது என்று பாருங்கள்.

நெல் கிலோ 120 ரூபா. ஹலரில் 62 கிலோ அரிசி வந்தால் ஒரு கிலோ அரிசிக்கு நெல்லுக்கு மட்டும் 193 ரூபா 55 சதம். றோலரில் 66 கிலோ வந்தால் 181 ரூபா 82 சதம். வித்தியாசம் 11 ரூபா 73 சதம். நாளுக்கு 1,200 கிலோ அரிசி எடுக்கிற ஆலைக்கு இது 14,000 ரூபா. நெல் விலை ஏற ஏற இந்த இடைவெளியும் ஏறும். மெசினில் கூடுதலாகப் போடும் காசு நெல்லை மிச்சப்படுத்துகிறது.

ஹலரில் உமியும் தவிடும் கலந்து தூளாக வரும். றோலரில் உமி தனியாக வருவதால் அதை எரிக்கலாம், தவிட்டைத் தனியாக மாட்டுத் தீனுக்கு நல்ல விலைக்குக் கொடுக்கலாம். அந்தக் காசையும் கணக்கில் போடுங்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் நெல் 200 கிலோவைக் கொண்டுபோய்க் குற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தன்னிடம் இருக்கிற நெல்லைக் குற்றிக் காட்டுவார், அதை நம்ப வேண்டாம். உங்கள் பக்கத்தில் மொட்டைக்கறுப்பன் நெல் அதிகம் வருமென்றால் அந்த நெல்லையே கொண்டுபோங்கள். றோலர், சல்லடை எங்கே கிடைக்கும், யாழ்ப்பாணத்திலா வவுனியாவிலா கொழும்பிலிருந்தா வரவேண்டும் என்றும் கேளுங்கள். ஒரு உதிரிப்பாகத்துக்காக ஆறு நாள் ஆலை மூடிக்கிடந்தால் அந்தச் செலவையும் மெசின் விலையோடு சேர்க்க வேண்டும்.

4. உமியா, விறகா

நெல் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. இரண்டு தொன் நெல்லுக்கு 400 கிலோ. ஆரம்பத்தில் நான் உமியைச் செங்கல் சூளைக்கும் கோழிப் பண்ணைக்கும் விற்றுவிட்டு விறகு வாங்கினேன். ஆலையில் நிற்கிற வயதான ஐயா ஒருநாள் கேட்டார்: "தம்பி, உமியை வித்துப்போட்டு விறகு வாங்கிறது என்ன கணக்கு?" அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவே கொப்பியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

என் அடுப்பில் இரண்டு தொன் அவிக்க உமி 250 கிலோ போதும். அதே வேலைக்கு விறகு 3,000 ரூபா. 3,000ஐ 250ஆல் பிரித்தால் 12. உமி கிலோ 12 ரூபாவுக்குக் கீழே விற்கிற காலமெல்லாம் உமியை எரிப்பது லாபம். 12க்கு மேல் யாராவது கேட்டால் உமியை விற்று விறகு எரிக்கலாம். மிஞ்சுகிற 150 கிலோவை எப்படியும் விற்கலாம். நான் விற்றது நாலு ரூபாவுக்கு.

உமி எரிக்கத் தனியான அடுப்பு வேண்டும், காற்று சரியாகப் போகவேண்டும், சாம்பலும் நிறைய வரும். விறகு அடுப்பில் உமியைக் கொட்டிப் பார்த்துவிட்டு "சரிவராது" என்று விடாதீர்கள். விறகுதான் என்று முடிவெடுத்தால், அது எங்கே வெட்டியது, கொண்டுவர ஆவணம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். காட்டு விறகு வழியில் மறிபட்டால் உழவு இயந்திரமும் சேர்ந்து நிற்கும்.

ஊறவைப்பதிலும் இதே மாதிரி ஒரு தெரிவு இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் ஒரு நாளிலிருந்து இரண்டு நாள்வரை ஊறவேண்டும். எரிபொருள் செலவில்லை, ஆனால் தொட்டி நிறைய வேண்டும், தண்ணீர் மாற்றாவிட்டால் மணக்கும். 65, 70 பாகை சூட்டில் ஊறவைத்தால் நாலைந்து மணித்தியாலத்தில் முடியும். உமி மிஞ்சுகிற ஆலைக்குச் சுடுதண்ணீர் மலிவு. விறகு வாங்குகிறவருக்கு இன்னொரு தொட்டி கட்டுவது மலிவு.

5. கரண்ட்: கணக்குப் போட்டுவிட்டுப் பயத்தை விடுங்கள்

10 குதிரைவலு மோட்டார் மணித்தியாலத்துக்கு 8 யுனிட் இழுத்து 400 கிலோ நெல் குற்றினால், 100 கிலோவுக்கு 2 யுனிட். யுனிட் 30 ரூபா என்றாலும் 60 ரூபா. ஒரு கிலோ அரிசிக்கு ஒரு ரூபாகூட இல்லை. மேலே றோலரில் மிஞ்சின 11 ரூபா 73 சதத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதே வேலையை டீசல் எஞ்சினில் செய்தால் மணித்தியாலத்துக்கு இரண்டு லீற்றருக்குச் சற்றுக் கூடப் போகும். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 600க்கு மேல். கரண்டில் 240. மும்முனை இணைப்புக் கிடைக்கிற இடமென்றால் கரண்ட்தான்.

கவனிக்க வேண்டியவை மூன்று. கைத்தொழில் கட்டண வகையில் இணைப்புக் கேட்டு எழுதுங்கள். பொதுத் தேவை வகையில் தந்துவிட்டால் பின்னர் மாற்ற அலையவேண்டும். 42 கே.வி.ஏ.க்கு (இணைப்பு தாங்கும் சுமையின் அளவு) மேல் இணைப்பு எடுத்தால் நேரத்துக்கு நேரம் யுனிட் விலை மாறும்: பின்னேரம் 6.30இலிருந்து இரவு 10.30வரை உச்ச விலை, அதன்பின் விடிய 5.30வரை குறைந்த விலை. அத்தோடு மாதத்தில் ஒருமுறை எட்டுகிற உச்சச் சுமைக்கும் தனியாகக் கட்டணம் வரும். "எதற்கும் கூடப் போடுவோம்" என்று பெரிய இணைப்பு எடுக்காதீர்கள். மூன்றாவது, தேவைக்கு மேல் பெரிய மோட்டார். 20 குதிரைவலு மோட்டாரைப் பாதிச் சுமையில் ஓட்டினால் காசுக்குக் காசும் வீண், கரண்டுக்குக் கரண்டும் வீண்.

6. பத்திரங்கள்: மெசினுக்கு முற்பணம் கட்ட முன்

இதை ஆறாவதாக எழுதினாலும் வேலையை முதல் நாளே தொடங்குங்கள். நான் மெசினை இறக்கிவிட்டு கரண்ட் இணைப்புக்கு ஐந்து மாதம் காத்திருந்தேன். அந்த ஐந்து மாதமும் தவணை ஓடிக்கொண்டிருந்தது.

காணி. வன்னியில் பெரும்பாலான காணிகள் அரச அனுமதிப்பத்திரக் காணிகள். குடியிருப்புக்கோ பயிர்ச்செய்கைக்கோ தந்த காணியில் ஆலை போடலாமா என்று பிரதேச செயலகக் காணிப் பிரிவில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வங்கி ஈடாக ஏற்குமா என்பதையும் கடனுக்கு எழுதும் முன் கேளுங்கள். பெர்மிட் தகப்பனார் பேரில் இருந்து அவர் இல்லையென்றால் பின்னுரித்து (அடுத்த வாரிசின் பேருக்கு) மாற்றுவதற்கே மாதங்கள் போகும்.

வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில். அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலர் உறுதிப்படுத்தல், காணிப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம் கொண்டுபோங்கள். எல்லாவற்றிலும் ஐந்து ஐந்து பிரதி எடுத்து ஒரு பைலில் வையுங்கள். ஒவ்வொரு கந்தோரிலும் அதே பத்திரங்களைத்தான் கேட்பார்கள்.

பிரதேச சபை வியாபார உரிமம் மார்கழி 31இல் முடியும். கார்த்திகையில் எடுத்தால் தை மாதம் மறுபடியும் கட்டவேண்டும். முடிந்தால் தை மாதம் தொடங்குகிற மாதிரி ஒழுங்கு செய்யுங்கள், காலபோக அறுவடையும் அப்போதுதான் வரும்.

சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். நெல் ஊறவைத்து அவிக்கிற ஆலைக்குக் கழிவுநீர் இருப்பதால் வெறுமனே குற்றுகிற ஆலையைவிடக் கூடுதலாகப் பார்ப்பார்கள். ஊறவைத்த தண்ணீர் எங்கே போகும், உமித்தூளும் சாம்பலும் அயலவர் வீட்டுக்குப் போகாதா, இரவில் சத்தம் கேட்குமா என்று கேட்பார்கள். கழிவுநீர்க் குழியும் உமிக் கூடும் வரைபடத்திலேயே இருக்கட்டும். கட்டி முடித்த பிறகு இடித்துக் கட்டுவதுபோல் காசு தின்னும் வேலை வேறில்லை. உரிமம் முடியும் திகதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

தராசுக்கு வருடாவருடம் முத்திரை குத்த வேண்டும். பொது இடத்தில் அளவைப் பரிசோதகர் வருகிற நாளைப் பிரதேச செயலகத்தில் கேட்டு வைத்துக்கொண்டால் வீண் அலைச்சல் இல்லை.

ஆட்கள். ஒரு ஆள் வேலைக்கு நின்றாலும் ஊழியர் சேமலாப நிதி கட்டவேண்டும். ஆளின் சம்பளத்தில் 8 வீதம், உங்கள் பக்கத்தில் 12 வீதம், அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்கள் பக்கத்தில் 3 வீதம். ஆக 2,500 ரூபா நாட்கூலி உங்களுக்கு 2,875 ரூபா. கட்டாமல் விட்டால் மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். இது அந்த ஆளின் பிற்காலத்துக்கான காசு. தவிர, பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணத்தோடு எல்லாம் சேர்த்து வரும்.

7. காயவைப்பது: ஆளா, ட்றையரா

நான் பெரிதாக விழுந்த இடம் இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

அவித்த நெல்லில் ஈரம் 35 வீதத்துக்குக் கிட்ட இருக்கும். அதை 14க்குக் கொண்டுவர வேண்டும். சீமெந்துத் தளத்தில் இரண்டு பேர் நின்று கிளறினால் இரண்டு தொன்னுக்குக் கூலி 5,750 ரூபா. படங்கும் (மூடுகிற தார்ப்பாயும்) தளத் திருத்தமும் சேர்த்துக் கிலோவுக்கு 3 ரூபா. ட்றையர் என்கிற உலர்த்தும் மெசினில் உமி, கரண்ட், ஒரு ஆள் எல்லாம் சேர்த்து 2 ரூபா. "கிலோவுக்கு ஒரு ரூபா மிச்சம்" என்று விற்பனைக்காரர் சொன்னார். அதில் பொய் இல்லை. மாதம் 45,000 ரூபா தவணையில் லீசிங் போட்டேன்.

வருடத்துக்கு 5,40,000 ரூபா. தொன்னுக்கு 1,000 ரூபா மிச்சமென்றால், தவணையை மூட வருடத்துக்கு 540 தொன் காயவேண்டும். நாளுக்கு இரண்டு தொன் வீதம் 270 நாள். நான் அந்த வருடம் ஓடியது 90 நாள், 180 தொன். மிச்சம் 1,80,000. மீதி 3,60,000 என் கையிலிருந்து போனது. ஒரு கிலோ அரிசிக்கு மூன்று ரூபா.

ஆகவே எந்த மெசினை வாங்கப்போனாலும் இந்த ஒரு கணக்கைப் போடுங்கள்: வருடத் தவணையை, தொன்னுக்கு மிஞ்சும் காசால் பிரியுங்கள். வருகிற தொன் உங்கள் ஆலையால் ஓடக்கூடியதா? கரண்ட் வெட்டு, மழை, நெல் இல்லாத மாதங்கள், கோயில் திருவிழா எல்லாம் கழித்துப் பாருங்கள். ஓடாது என்றால் ஆளை வைத்தே செய்யுங்கள். கூலி கூட என்று தோன்றினாலும், நெல் இல்லாத நாளில் நாட்கூலி இல்லை. தவணைக்கு அப்படி ஒரு நாள் கிடையாது.

தளத்தில் காயவைப்பதென்றால் பருவத்தைப் பாருங்கள். தை, மாசியில் பனியும் இடைக்கிடை மழையும், வெயில் மெதுவாகத்தான் ஏறும். படங்கு கையோடு இருக்கவேண்டும். சிறுபோக நெல் வரும் ஆவணி, புரட்டாதியில் சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்து அவசரமாகக் காயவைத்துவிடும். அப்போதுதான் அரிசி வெடித்துக் குறுணல் கூடும். 17, 18 வீதம் வந்ததும் குவித்து மூடி, நாலைந்து மணித்தியாலம் விட்டு, பிறகு விரித்துக் காயவையுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

8. அடுத்த ஆயிரம் ரூபா எங்கே போகவேண்டும்

ஆலை ஓடத் தொடங்கியபின் ஒவ்வொரு மாதமும் "இதிலும் கொஞ்சம் போட்டால் நல்லது" என்று நாலு பேர் நாலு யோசனை சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் நிறுத்துங்கள்: கூடுதலாக ஒரு கிலோ முழு அரிசி கிடைக்க இதில் எவ்வளவு செலவு?

என் ஆலையில் நடந்தது. றோலர் தேய்ந்து 100 கிலோவுக்கு இரண்டு கிலோ அரிசி குறைந்திருந்தது. புது றோலர் 30,000 ரூபா, 60 தொன் ஓடும். 60 தொன்னில் மீட்கும் அரிசி 1,200 கிலோ. கிலோ 25 ரூபாவுக்கு அரிசி! அதே நேரம் தளத்தில் மூன்றாவது ஆள் ஒருவரை வைத்தால் குறுணல் குறையும் என்றார்கள். பத்து நாள் வைத்துப் பார்த்தேன். நாளுக்கு 20 கிலோ குறுணல் முழு அரிசியாக மாறியது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் 100 ரூபா. ஆக 2,000 ரூபா வரவுக்கு 2,875 ரூபா செலவு. றோலரை மாற்றினேன், மூன்றாவது ஆளைச் சாக்குக் கட்டும் வேலைக்கு எடுத்தேன், அங்கே உண்மையாகவே ஆள் தேவைப்பட்டது.

ஒன்றில் போடப் போட அடுத்த ரூபாவுக்கு வருகிற பலன் குறையும். முதல் ஆள் இல்லாமல் தளம் ஓடாது, இரண்டாவது ஆள் வேலையை இரட்டிப்பாக்குவார், நாலாவது ஆள் நிழலில் நிற்க வேண்டிவரும். எல்லா இடத்திலும் கடைசி ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும் பலன் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வரும்வரை, பலன் குறைந்த இடத்திலிருந்து காசை எடுத்துப் பலன் கூடிய இடத்துக்கு மாற்றிக்கொண்டே இருங்கள்.

9. விலை மாறினால் அன்றைக்கே கொப்பியைத் திறவுங்கள்

2022 தொடக்கத்தில் டீசல் லீற்றர் 121 ரூபா. ஜூன் கடைசியில் 460. அதே வருடம் ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். பிறகு குறைந்தும் இருக்கிறது. டீசலை மட்டும் நம்பி நின்ற ஆலைகள் அந்த மாதங்களில் பூட்டிக்கிடந்ததை எங்கள் ஊரில் கண்டோம். மோட்டார் ஓடும் தண்டிலேயே தேவைப்பட்டால் எஞ்சினையும் பூட்டக்கூடியதாக கப்பி வைத்துக் கட்டுங்கள். கட்டும்போது செய்தால் சின்னச் செலவு.

கூலி ஏறும்போதும், உமி விலை ஏறும்போதும், நெல் விலை விழும்போதும் 3, 4, 7ஆம் படிகளின் கணக்கைத் திரும்பப் போடுங்கள். போன வருடம் சரியாக இருந்த பதில் இந்த வருடம் பிழையாகலாம்.

10. ஏற்கனவே பிழையாக வாங்கிவிட்டீர்கள் என்றால்

ட்றையரால் நட்டம் என்று தெரிந்ததும் கோபத்தில் அதைப் பூட்டிவைத்துவிட்டு மறுபடியும் தளத்தில் காயவைத்தேன். இது முதல் பிழையைவிடப் பெரிய பிழை. தவணை, ட்றையர் ஓடினாலும் கட்டவேண்டும், ஓடாவிட்டாலும் கட்டவேண்டும். வாங்கிய பிறகு ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டியது ஓட்டும் செலவு மட்டும்: ட்றையரில் 2 ரூபா, தளத்தில் 3 ரூபா. ஆகவே வாங்கியதை ஓட்டுங்கள்.

லீசிங்கை முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு கழிப்பார்கள், மெசினை விற்றால் எவ்வளவு வரும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தம் உங்களுக்கு விளங்குகிற மொழியில் இல்லையென்றால் வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்; பிணை நிற்கிற இருவரையும் அந்த நேரம் பக்கத்தில் வைத்திருங்கள்.

விற்கிற விலை சரிவரவில்லை என்றால் அயல் ஆலைகளின் நெல்லைக் கூலிக்குக் காயவைத்துக் கொடுங்கள். நான் கிலோவுக்கு 2 ரூபா 80 சதம் வாங்குகிறேன். அவர்களுக்குத் தளத்தில் 3 ரூபா செலவு, எனக்கு ஓட்டும் செலவு 2 ரூபா. 100 தொன் வந்தால் 80,000 ரூபா தவணைக்குச் சேரும். நெல்லை நிறுத்து எடுக்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் ஈரத்தையும் நிறையையும் இரண்டு பேரும் பார்த்துக் கொப்பியில் கையெழுத்து வைக்கிறோம். மழை வருகிறமாதிரி இருக்கிற நாளில் விடிய ஐந்து மணிக்கே உழவு இயந்திரங்கள் வாசலில் நிற்கும், அன்றைக்கு என் நெல்லைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு அவர்களுடையதை முதலில் ஏற்றுகிறேன்.